விழுகிற கண்ணாடியைப் பிடித்தவன்

என் தம்பிக்கு இரண்டு பிள்ளைகள், இரண்டும் ஆண். பெரியவனைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் சின்னவனைத் தொடாமல் பெரியவனைச் சொல்ல முடியாது. சின்னவனைத் தொடாமல் பெரியவனே ஒரு நாளும் இருந்ததில்லை.

பெரியவன் கண்ணாடி வெட்டுகிறவன். ஜன்னல், அலமாரி, படச்சட்டம், கடைமுகப்பு எல்லாவற்றுக்கும் அவன்தான். அவன் பொருத்திய ஜன்னலில் கண்ணாடி இருப்பதே தெரியாமல் ஒரு காகம் முட்டி மயங்கி விழுந்து, தெளிந்ததும் உற்றார் உறவினரை எல்லாம் அழைத்து வந்து இடத்தைக் காட்டியது. நான் நேரில் பார்க்கவில்லை. ஆனால் காகம் எதற்குப் பொய் சொல்லப்போகிறது?

அந்தத் தொழிலில் இரண்டு சட்டங்கள் உண்டு. ஒன்று, கோட்டை ஒரே தடவைதான் கீற வேண்டும். அளவுகோலை ஒட்டிக் கட்டரை ஒரே இழுப்பு. பிறகு இரு பக்கமும் பிடித்து மெல்ல மடக்கினால் கண்ணாடி சொன்ன பேச்சைக் கேட்கும். சரியாக விழுந்ததோ இல்லையோ என்ற சந்தேகத்தில் அதே கோட்டில் மறுபடி இழுத்தால், அது தன் இஷ்டத்துக்கு உடையும். மற்றது, விழுகிற கண்ணாடியைப் பிடிக்கக் கூடாது. கையை எடுத்துக்கொண்டு விலகிவிட வேண்டும். கண்ணாடி போனால் வேறு வாங்கலாம். கை போனால் எந்தக் கடையில் போய்க் கேட்பது?

இரண்டையும் சின்னவனுக்குச் சொல்லிக்கொடுத்தவன் பெரியவன். இரண்டாவதை மீறச் சொன்னவனும் அவன்தான்.

இருவருக்கும் மீசை அரும்பி முடிந்த வயது. ஆளுயரத் தகடு ஒன்றைப் பட்டறைச் சுவரில் சாய்த்துவிட்டு, கயிறு கட்டாமல், தேநீர் குடித்துவிட்டு வந்து கட்டலாம் என்று பெரியவன் வெளியே போனான். திரும்பி வந்து வாசலில் கால் வைக்கும்போது தகடு முன்னால் சரிந்துகொண்டிருந்தது. சின்னவன் பக்கத்தில் நின்றான். "புடிடா" என்று பெரியவன் வாயிலிருந்து ஒரு சொல் வந்தது. அண்ணன் சொல்லைத் தட்டாத பிள்ளை. பிடித்தான்.

கைகள் மிஞ்சின. ஆனால் வலது கை விரல்கள் அதற்குப் பிறகு மடங்கவில்லை. இடது கையில் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் மட்டும், அவற்றுக்கு மனசு வந்தால், அசைந்தன.

அன்றிலிருந்து தம்பியின் கையாகப் பெரியவனே ஆனான். பல் விளக்கிவிடுவது, குளிப்பாட்டுவது, தலை வாருவது, சட்டைப் பொத்தான் போடுவது, கவளம் கவளமாக ஊட்டுவது, வாயைத் துடைப்பது என்று ஒன்றையும் விடவில்லை. நடுவில் கல்யாணம் ஆனது. அவன் மனைவி வந்த புதிதில், நானும் ஒரு வேளை ஊட்டுகிறேனே என்று தட்டை வாங்கப் போனாள். தட்டைப் பிடுங்கிக்கொண்டு அவன் பார்த்த பார்வையில் அந்தப் பெண் அப்புறம் கேட்கவேயில்லை. "அத்தை, இந்த வீட்டுல எனக்கு முன்னாடியே ஒரு மருமக இருந்திருக்கா, நான் ரெண்டாம் தாரம்" என்று என்னிடம் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சிரித்து முடித்ததும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அது போதாதென்று ஆலயத்தின் ஜன்னல்களையும் எடுத்துக்கொண்டான். ஞாயிறு காலை யாரும் வருமுன் ஏணி வைத்துத் துடைப்பான். அவன் துடைத்த துடைப்பில் சிலந்திகள் எல்லாம் மனம் வெறுத்து, மூட்டை முடிச்சோடு எதிர்வரிசை மருந்துக்கடைக்குக் குடிபெயர்ந்தன. சபையார் அவனுக்கு ஓயாக்கை என்று பட்டப்பெயர் வைத்தார்கள். போதகர் கிருபையைப் பற்றிப் பிரசங்கம் செய்வார். மனுஷன் தன் நற்கிரியையால் ஒரு அங்குலம்கூடப் பரலோகத்தை நெருங்க முடியாது, சிலுவையில் எல்லாம் செய்து முடிக்கப்பட்டாயிற்று, நம்பிக் கையை நீட்டுவது ஒன்றுதான் மிச்சம் என்பார். ஓயாக்கை எல்லாரையும்விடப் பலமாக ஆமென் சொல்வான். சொல்லிவிட்டு, போதகரின் தலைக்கு மேலே ஒரு கண்ணாடியில் விரல் தடம் இருக்கிறதே என்று பார்த்துக்கொண்டிருப்பான்.

இப்படியே அவன் தலைமுடி நரைத்தது. அப்போதுதான் சின்னவன் தனக்குக் கல்யாணம் என்றான்.

பெண் நான்கு தெரு தள்ளித் தையல்கடை வைத்திருப்பவள், வாய்த்துடுக்கானவள், கணவனை இழந்தவள். பொழுதுபோகப் பகலில் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டு வருவதாகத்தான் சின்னவன் சொல்லியிருந்தான். கல்யாணம் முடிந்து கடைக்குப் பின்னால் இருக்கும் அறைகளில் குடித்தனம், அண்ணன் வீட்டில் இல்லை என்றும் சேர்த்துச் சொன்னான். அண்ணிக்காரிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பெரியவனோ பேயறைந்தவன்போல ஆனான். ஊட்டிக்கொண்டிருந்த கை பாதியில் நின்றது. தம்பி வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தான்.

மறுநாள் என் வீட்டுக்கு வந்தான். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. உடைந்த ஜன்னல் ஏதாவது இருக்கிறதா என்று அறை அறையாகப் பார்த்தான். கடைசியில் சமையலறை வாசலில் நின்றுகொண்டு கேட்டான்.

"அத்தை, அவன் போயிட்டா நான் கர்த்தர் முன்னாடி எதைக் கொண்டு போய் நிப்பேன்?"

இயேசுவைக் கொண்டு போ என்றேன். வேறு என்ன சொல்வது?

"எல்லாரும் அதையேதான் சொல்றீங்க. அன்னிக்கி புடின்னு சொன்னது நான். அவர் சொல்லல. வெறுங்கை முழம் போடுமா?"

அவன் கண்ணில் நான் பார்த்தது கண்ணீர் இல்லை, பயம். தினமும் ஊட்டுகிற கவளம்தான் அவனையும் நரகத்தையும் பிரித்து வைத்திருக்கிறது என்று அவன் மெய்யாகவே நம்பினான். கவளம் நின்றுபோனால் நேரே உள்ளே விழ வேண்டியதுதான். அன்பு அதில் இல்லாமல் இல்லை. ஆனால் அன்பைக் குப்புறத் தள்ளி அதன் முதுகில் பயம் ஏறி உட்கார்ந்திருந்தது.

என் வீட்டிலிருந்து நேராகத் தையல்கடைக்குப் போனான். எதற்கென்று பின்னால் அவன் வாயாலேயே ஒப்புக்கொண்டான், கல்யாணத்தைக் கலைக்கத்தான். இவனால் ஒரு பொத்தான்கூடப் போட முடியாதம்மா, நீ காலம் முழுக்கப் படுவாய், நான் படுகிறேன், விட்டுவிடு என்று சொல்ல வார்த்தைகளைக் கூட்டிக்கொண்டே நடந்திருக்கிறான்.

கடையின் முகப்புக் கண்ணாடி அவன் வெட்டியது. ஆகவே உள்ளே இருப்பது உள்ளங்கை நெல்லிக்கனியாகத் தெரிந்தது. தையல்காரி மிஷினில் இருந்தாள். பக்கத்தில் முக்காலியில் சின்னவன். இடது கையின் இரண்டு விரலால் நூலைப் பிடித்து, நுனியை நாக்கில் நனைத்து, துணியில் செருகி வைத்த ஊசியில் கோத்தான். தைத்து முடித்த சட்டையை மடியில் வைத்து மேலிருந்து கீழ்வரை பொத்தான் போட்டான். பிறகு தேநீர்க் குவளையை இரண்டு மணிக்கட்டுக்கு நடுவே தூக்கி, ஒரு சொட்டு சிந்தாமல் குடித்தான். அவள் ஏதோ சொல்ல, உரக்கச் சிரித்தான். அந்தச் சிரிப்பை விபத்துக்குப் பிறகு பெரியவன் ஒரு நாளும் கேட்டதில்லை.

உள்ளே போகவில்லை. அன்று மாலை சின்னவன் வீட்டுக்கு வந்து, வழக்கம்போல இரண்டு கையையும் தொங்கவிட்டுக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட அண்ணனுக்காக வாசலில் நின்றான். பெரியவன் குனியவில்லை.

"நீயே கழட்டு" என்றான்.

சின்னவன் அவன் முகத்தைப் பார்த்தான். புரிந்துவிட்டது. தானே கழற்றினான்.

"எவ்வளவு நாளாடா?"

"ரொம்ப நாளாச்சுண்ணே."

"அப்ப என்னை எதுக்குடா ஊட்ட விட்ட? பொத்தான் போட விட்ட? நான் என்ன கோமாளியா?"

சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணிக்காரி கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் காதைக் கொடுத்தாள். இதெல்லாம் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"ஒரு தடவ நானா எடுத்துச் சாப்பிட்டேன். ஞாபகம் இருக்கா? நீ அன்னிக்கி ஆலயத்துக்குப் போயி ராத்திரி வரைக்கும் ஜன்னல் துடைச்ச. வீட்டுக்கு வந்து காய்ச்சல்ல விழுந்த. நானா கையைத் தூக்கினா நீ செத்துப் போயிடுவன்னு தெரிஞ்சுகிட்டேன். அதுக்கப்புறம் உன் முன்னாடி கையைத் தூக்கல."

பெரியவன் சுவரில் சாய்ந்துகொண்டான்.

"உன்னை ஆஸ்பத்திரியிலேயே மன்னிச்சேண்ணே. கட்டுப் பிரிக்கிறதுக்கு முன்னாடி. நீதான் வாங்கிக்கவே இல்ல."

கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பார்கள். மிதித்துக்கொண்டே இருந்தால் குஞ்சு என்ன செய்யும்? கோழிக்கு வருத்தமாகிவிடக் கூடாதே என்று படுத்தே கிடக்கும். சின்னவன் அப்படித்தான் கிடந்திருக்கிறான்.

பெரியவனுக்கு அந்த வாரம் சாப்பாடு இறங்கவில்லை. தன் புண்ணியமெல்லாம் தம்பி போட்ட பிச்சை என்று தெரிந்தவனுக்கு எப்படி இறங்கும்? போதகரிடம் போய், "ஐயா, நடக்க முடியாதவங்க, படுத்த படுக்கையா இருக்கிறவங்க யாராவது இருந்தா குடுங்க, நான் பாத்துக்கறேன்" என்று வேலை கேட்டான். கடன் கேட்கிறவனைப்போலக் கேட்டான் என்று போதகர் பிற்பாடு சொன்னார். நல்லவர்தான். உனக்குக் கொடுக்க என்னிடம் வேலை எதுவும் இல்லை, கொடுத்தால் அதையும் கொண்டுபோய்ப் பாவத்துக்கு விலையாக வைப்பாய் என்று மறுத்துவிட்டார். அவன் ஆலயத்துப் படியிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். அப்படி உட்காருகிறவர்கள் எழுந்து எங்கே போவார்கள் என்று எனக்குப் பயம்.

பட்டறைக்குத்தான் போனான். கதவைச் சாத்திக்கொண்டு பெரிய தகடு ஒன்றை மேசையில் கிடத்தி வெட்ட ஆரம்பித்தான். யாரும் கேட்காத தகடு. அண்ணிக்காரி ஓடிவந்து சின்னவனிடம் சொன்னாள். விபத்துக்குப் பிறகு அந்த வாசலை மிதிக்காதவன் அன்று மிதித்தான்.

உள்ளே பெரியவன் ஒரே கோட்டில் கட்டரை இழுத்துக்கொண்டிருந்தான். மறுபடியும் மறுபடியும், அழுத்தி. அந்தச் சத்தம் பல்லைக் கூசவைக்கும். கண்ணாடித் தூள் கோட்டின் இரு பக்கமும் வெள்ளையாகக் குவிந்திருந்தது. வாய் எதையோ முணுமுணுத்தது. கண் நிலைகுத்தி இருந்தது. சின்னவன் அண்ணே அண்ணே என்று கூப்பிட்டும் திரும்பவில்லை.

கண்ணாடி எவ்வளவுதான் பொறுக்கும்? படீரென்று கோட்டை விட்டு விலகி, குறுக்கே ஓடி, இரண்டாகப் பிளந்தது. பெரிய பாதி மேசை விளிம்பிலிருந்து சரிந்தது. பெரியவனின் இரண்டு கைகளும் அதைப் பிடிக்கப் போயின.

"விடுண்ணே" என்று சின்னவன் கத்தினான்.

கைகள் நின்றன. தகடு அவற்றுக்கு நடுவே கீழே போய்த் தரையில் சிதறியது. சத்தம் அடங்கியபோது இருவரும் கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவே நின்றார்கள். பெரியவன் தன் கைகளைப் பார்த்தான். ஒரு கீறல் இல்லை. அவற்றில் ஒன்றும் இல்லை.

"அன்னிக்கி நான் இதைச் சொல்லியிருக்கணும்டா" என்றான். பிறகு அழுதான். சின்ன வயதில் அழுததோடு சரி, அதற்குப் பின் இப்போதுதான்.

சின்னவன் சில்லுகளைக் காலால் ஒதுக்கிக்கொண்டு பக்கத்தில் வந்தான். மடங்காத கையை அண்ணன் முதுகில் வைத்தான்.

"ஒரு கோட்ட ஒரே தடவதான் கீறணும்னு சொன்னவன் நீ. உனக்காகக் கீற வேண்டியத அவர் சிலுவையில ஒரே தடவ கீறி முடிச்சுட்டார். நீ அதும்மேலயே போட்டு இழுத்தா என்ன ஆகும்? சும்மா உக்காருண்ணே. கொஞ்ச நேரம் சும்மா உக்காரு."

பெரியவன் உட்கார்ந்தான். தரையைக் கூட்ட அண்ணிக்காரி துடைப்பத்தோடு வந்தாள். அவன் கை துடைப்பத்துக்கு நீண்டது. "தொட்டீங்கன்னா பாருங்க" என்றாள் அவள்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். காகத்தைப் பற்றி எழுதியவளுக்கு அது பெரிய காரியமில்லை. ஆனால் இதில் புளுகக் கூடாது. பிறகும் பல நாள் அவன் முகம் கறுத்தே இருந்தது. கல்யாணத்துக்கு முந்தின நாள் என்னிடம் சொன்னான், "பயம் போகல அத்தை. ஆனா பயத்தோடயே, ஒண்ணும் செய்யாம, அவர் முடிச்சுட்டார்னு நம்பி உக்காந்திருக்கேன். இதுக்கு ஜன்னல் துடைக்கிறது எவ்வளவோ சுலபம்."

கல்யாணத்தன்று ஆலயத்துக் கண்ணாடிகளில் தூசி இருந்தது. மருந்துக்கடையிலிருந்து ஒரு சிலந்தி குடும்பத்தோடு வந்து நிலைமையைப் பார்த்துவிட்டுப் போனது.

மாப்பிள்ளை தானே சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான். கல்யாணப் பரபரப்போ என்னவோ, மூன்றாவது பொத்தான் நான்காவது துளையில் ஏறி, அதற்குக் கீழே எல்லாம் தப்பு. சட்டையின் ஒரு முனை தூக்கிக்கொண்டு, சபை முழுக்கப் பார்க்க, நின்றான். பெரியவன் முன்வரிசையில் இருந்தான். அவன் பார்வை அந்தப் பொத்தானிலேயே இருந்தது. நெற்றியில் வேர்வை அரும்பியது. போதகர் ஜெபிக்கும்போது நான் கண்ணை மூடவில்லை, அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேல் உட்கார்ந்திருந்தான்.

ஜெபம் முடியும் சமயத்தில் அவன் மனைவி ஒரு கையை மெதுவாக வெளியே இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அது அங்கேயே இருந்தது.