பக்கத்து ஊட்டைப் பாருங்க

ஏற்காட்டில் தீயணைப்பு வீரனாக இருக்கிறேன். ஒரு கோடை நாள். குப்பனூர் ரோட்டோரச் சரிவில் பரவிய புல் தீயைக் காலையிலிருந்து பச்சைத் தழையால் அடித்து அணைத்துவிட்டு, கையைத் தூக்கக்கூட முடியாமல் உட்கார்ந்திருந்தோம். அப்போதுதான் செம்மநத்தத்தில் ஒரு வீடு எரிகிறது என்று அழைப்பு வந்தது.

ஊருக்குள் குறுகலான வளைவில் வண்டி திரும்பவில்லை. அங்கேயே நிறுத்திவிட்டு ஹோஸை இழுத்துக்கொண்டு ஓடினோம். போவதற்குள் கூரை சரிந்துவிட்டது.

வெளியே நின்ற வீட்டுக்கார அம்மாவிடம், திட்டு வாங்கத் தயாராக, "லேட்டாயிருச்சுங்கம்மா" என்றேன்.

"என்ற ஊடு போச்சுங்க, அதை உடுங்க. பக்கத்து ஊட்டுக்குத் தாவாமப் பாருங்க" என்றார்.

தண்ணீரை அந்தப் பக்கம் திருப்பினோம். அந்த வீடு தப்பியது.

ஹோஸைச் சுருட்டும்போது ஊர்க்காரர் ஒருவர் சொன்னார்: "எல்லைத் தகராறுங்க. ரெண்டு ஊட்டுக்கும் நொம்ப வருசமாப் பேச்சே இல்லீங்க."

பக்கத்து வீட்டுப் பெண் வெளியே வந்தார். அந்த அம்மாவின் கையைப் பிடித்துத் தன் வீட்டுக்குள் கூட்டிப்போனார்.

அலுத்துப்போய் இந்த வேலையே வேண்டாம் என்று இப்போதும் தோன்றும். அப்போதெல்லாம் அந்த அம்மா சொன்னது நினைவுக்கு வரும். எழுந்து பூட்ஸை மாட்டிக்கொள்வேன்.