பதினான்கு நாள் பறக்கக் கூடாது

எங்கள் ஊரிலிருந்து வளைகுடாவுக்குப் போன ஆண்கள் லீவில் வரும்போது பெட்டியோடு ஒரு சொத்தைப் பல்லையும் சேர்த்துக் கொண்டுவருவார்கள். அங்கே பல் டாக்டரிடம் போனால் கட்டுப்படியாகாது. மாத்திரையைப் போட்டு வலியை அமுக்கி, ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவது. சரி, வந்ததும் போவார்களா என்றால் அதுவும் கிடையாது. கல்யாண வீடு, துக்கம் விசாரிப்பு, பத்திர ஆபீஸ் என்று அலைந்து முடித்துப் பல்லுக்கு முறை வரும்போது டிக்கெட் தேதி கழுத்தில் வந்து நிற்கும்.

என் வீட்டுக்காரர் இதில் எல்லாருக்கும் மேலே. துபாயில் ஒரு மளிகைக் கடையில் இருக்கிறார். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை நாற்பது நாள் லீவு. நான் உத்தமபாளையத்தில் தொடக்கப்பள்ளி டீச்சர். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் நாங்கள் சேர்ந்திருந்த நாட்களைக் கூட்டினால் ஒரு வருஷம் தேறும். கூட்டிப் பார்த்திருக்கிறேன். மகளும் கோயம்புத்தூரில் ஹாஸ்டலுக்குப் போன பிறகு வீட்டில் நான் பேசுவது டிவியோடுதான்.

இந்த லீவிலும் அப்படித்தான். கிளம்ப ஐந்து நாள் இருக்கும்போது கன்னம் வீங்கிவிட்டது. தேனிக்குக் கூட்டிப்போனேன். பல் டாக்டர் சின்ன வயசுப் பெண், கறாரானவர். மேல் கடைவாய்ப்பல்லைப் பிடுங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. வேர், கன்னத்து எலும்புக்குள் இருக்கும் காற்றறை வரை போயிருந்ததாம். பல்லைப் பிடுங்கிய இடத்தில் அந்த அறைக்கு ஒரு சின்னத் துவாரம் விழுந்துவிட்டது. தையல் போட்டுவிட்டு டாக்டர் வரிசையாகச் சொன்னார். மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். எதையும் உறிஞ்சக் கூடாது, வேகமாகத் துப்பக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, பதினான்கு நாள் விமானத்தில் ஏறக் கூடாது. மேலே ஏறி இறங்கும்போது காற்றழுத்தம் மாறும், தையல் பிரிந்து துவாரம் நிரந்தரமாகிவிடும் என்றார். ஃப்ளைட் எப்போது என்று கேட்டார்.

இவர் பஞ்சு அடைத்த வாயோடு, இன்னும் ஒரு மாசம் இருக்கிறது என்று கைவிரலால் காட்டினார். கூசாமல் ஒற்றை விரல்!

வகுப்பில் ஒரு பிள்ளை பொய் சொன்னால் நிற்கவைத்து உண்மையை வாங்காமல் விடமாட்டேன் நான். அன்று பக்கத்து நாற்காலியில் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். காரணம் இருக்கிறது. பதினான்கு நாள் என்று டாக்டர் சொன்னதும் என் நெஞ்சு குதித்த குதி எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. இப்போது பேசினால் அது அவர் பல்லுக்காகவா, எனக்காகவா என்று எனக்கே தெரியவில்லை.

பஸ்ஸில் வரும்போது சின்னமனூர் வரை நான்தான் பேசினேன். அவருக்குத்தான் வாய் அடைத்திருக்கிறதே, இது மாதிரி வாய்ப்பு இனி எப்போது வரும்! அறிவு இருக்கிறதா, ஒரு மாசம் என்று காட்டுகிற விரலைப் பார், வானத்தில் வைத்து ரத்தம் கொட்டினால் யார் வந்து பார்ப்பது என்று பொரிந்து தள்ளினேன். அவர் போனில் எழுதிக் காட்டினார், வேலை போயிடும் என்று. அதற்கு மேல் நான் பேசவில்லை. வேலை போனால் மகளின் படிப்பு என்னாகும் என்று எனக்கும் தெரியும்.

மூன்றாம் நாள் காலையில் வீட்டைக் கூட்டிக்கொண்டிருந்தேன். தூசிக்கு அவருக்குத் தும்மல் வந்திருக்கிறது. பழக்கத்தில் வாயைப் பொத்திக்கொண்டு தும்மிவிட்டார். மூக்கிலிருந்து ரத்தம் வழிந்து பனியன் நனைந்துபோனது. கொல்லைக்குப் போய் டாக்டருக்கு போன் போட்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நாளை மறுநாள் ஃப்ளைட், உங்களிடம் பொய் சொல்லிவிட்டார் என்று.

டாக்டர் உடனே வரச்சொல்லி இரண்டு பேரையும் காய்ச்சி எடுத்தார். தையல் நல்லவேளையாகத் தாங்கியிருந்தது. மறுபடி முதலிலிருந்து பதினான்கு நாள் என்று கடிதம் எழுதிக் கொடுத்தார். இவர் முகம் இறுகிப்போய் முதலாளியைக் கூப்பிட்டார். முதலாளி மலையாளி. குமுளிக்கு இந்தப் பக்கம் இருக்கிற எங்களுக்கு மலையாளம் ஓரளவு புரியும். என்ன ஒரு குழைவு, என்ன ஒரு கெஞ்சல்! இந்தக் குரலில் என்னிடம் ஒரு நாள் பேசியிருப்பாரா என்று எனக்கு எரிச்சலாக வந்தது. கடைசியில் முதலாளி மனசிரங்கி, இரண்டு வாரம், அதற்கு மேல் ஒரு நாள் ஆனாலும் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று முடித்துக்கொண்டார்.

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "எதுக்குச் சொன்ன?"

"பல்லுக்காகத்தான் சொன்னேன் மச்சான். வேற எதுக்கு?" என்றேன்.

அந்த இரண்டு வாரத்தை என்னவென்று சொல்ல! முதல் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அப்புறம் தானாக இறங்கி வந்தார். லீவு முடிந்துவிட்டதால் சொந்தக்காரர்கள் யாரும் கூப்பிடவில்லை, அவர் போய்விட்டார் என்றே பாதிப் பேர் நினைத்துக்கொண்டார்கள். முதன்முதலாக அவர் எனக்கு மட்டும் இருந்தார். சாயங்காலம் பள்ளிக்கூட வாசலில் ஸ்கூட்டரோடு வந்து நிற்பார். கூட வேலை பார்க்கிற டீச்சர்கள், புது மாப்பிள்ளை வந்துட்டாக, கிளம்புங்க என்று கேலி பண்ணினார்கள். நாற்பத்திரண்டு வயசில் எனக்கு வெட்கம் வந்தது. சோற்றைக் குழைய வடித்து ரசம் ஊற்றிப் பிசைந்து கொடுத்தேன். தும்மல் வந்தால் ஆவென்று வாயைப் பிளந்து தும்மிவிட்டு என்னைப் பார்ப்பார், நான் சபாஷ் என்பேன். வாய்க்கால் கரையில் நடந்துவிட்டு வருவோம். கதவைப் பூட்டினேனா, கேஸை அணைத்தேனா என்று ராத்திரி எழுந்து பார்க்க இன்னொரு ஆள் இருந்தது. இவ்வளவுதான் வாழ்க்கை, இதுகூட எனக்குக் கிடைக்கவில்லையே என்று குளிக்கும்போது அழுதேன். ஆனால் இருங்கள் என்று வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்டு அவர் முடியாது என்று சொல்லிவிட்டால் அப்புறம் அதை வைத்துக்கொண்டு எப்படி இருப்பது?

பத்தாம் நாள் அவருடைய கூட்டாளி தன் தோட்டத்திலிருந்து ஒரு பெட்டி பன்னீர் திராட்சை கொடுத்தனுப்பினார். இந்தத் திராட்சையை எங்கள் பக்கம் யாரும் கடித்துத் தின்பதில்லை. தோல் புளிக்கும், உள்ளே கொட்டை. காம்பு இருந்த பக்கத்தை உதட்டில் வைத்து, விரலால் அமுக்கி, சர்ரென்று உறிஞ்சிச் சதையை உள்ளே இழுத்துக்கொண்டு, கொட்டையைத் தூ என்று துப்ப வேண்டும். பால்குடி மறந்த பிள்ளைகூட அப்படித்தான் தின்னும்.

நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அவர் ஒரு பழத்தைப் பிய்த்து உதட்டில் வைத்தார். உறிஞ்சக் கூடாது, துப்பக் கூடாது என்று டாக்டர் சொன்னது என் காதில் அப்படியே கேட்டது. நான் பேசவில்லை. இன்னொரு இரண்டு வாரம், யா அல்லாஹ், இன்னொரு இரண்டே வாரம் என்று என் மனசு கேட்டது. அவரும் பழத்தை உதட்டில் வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு எழுந்து போய் அவர் கையிலிருந்து பழத்தைப் பிடுங்கினேன். பெட்டியையும் தூக்கிக்கொண்டு போய், ஒவ்வொரு பழமாகத் தோலை உரித்து, கொட்டையை எடுத்து, கிண்ணத்தில் போட்டு ஸ்பூனோடு கொடுத்தேன். என் நகமெல்லாம் கறுத்துவிட்டது. அவர் ஒரு பழம் மிச்சம் வைக்காமல் தின்றார்.

கடைசி நாள் டாக்டர் வாய்க்குள் விளக்கடித்து எனக்கும் காட்டினார். துவாரம் அழகாக மூடியிருந்தது. தாராளமாகப் போகலாம், விமானம் இறங்கும்போது காது அடைத்தால் மூக்கைப் பிடித்து ஊதாமல் எச்சிலை விழுங்கிக்கொண்டே இருங்கள் என்றார். நல்ல செய்திதான். நான் டாக்டருக்கு நன்றி சொன்னேன்.

மதுரை விமான நிலையத்தில் என்னை வாசலோடு நிறுத்திவிட்டார்கள். நாங்கள் வந்த வேனில் ஏறாமல் நின்றுகொண்டிருந்தேன். அவரே போனில் கூப்பிட்டார், சீட்டில் உட்கார்ந்துவிட்டதாக. விழுங்குங்க, ஊதிறாதீக என்று டாக்டர் சொன்னதையே நானும் சொன்னேன். சரி என்றவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அன்னைக்கு அந்தப் பழத்த நீ பிடுங்குவேன்னு நான் நெனைக்கல."

"உறிஞ்சக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாகல்ல?"

"எனக்கும்தான் காதுல விழுந்துச்சு."

எனக்குப் புரிய ஒரு கணம் ஆனது.

"அத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல மச்சான்?"

"நீ மட்டும் இருங்கன்னு ஒரு வார்த்தை சொன்னியா?" என்றார்.

இருங்க என்று சொல்ல வாயெடுத்தேன். போனை அணைக்கச் சொல்கிறார்கள் என்று வைத்துவிட்டார்.