முள் வைத்த மிசின்

என் அப்பாவுக்கு ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் வேலை. பஞ்சுப் பொதிகளைப் பிரித்து உதிர்த்துப் போடுகிற பிரிவு. பஞ்சோடு பஞ்சாக ஒரு ஆணியோ தகட்டுத் துண்டோ உள்ளே போய்விட்டால் உரசித் தீப்பொறி பறக்கும், கட்டடமே பற்றிக்கொள்ளும். அதனால் வெள்ளை வெளேரென்று கிடக்கிற ஒன்றுக்குள் இரும்பு ஒளிந்திருக்கிறதா என்று எட்டு மணி நேரமும் சந்தேகப்படுவதற்குத்தான் அவருக்குச் சம்பளம். வேலை முடிந்து பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்த பிறகும் அவரால் அதை நிறுத்த முடிந்ததில்லை. பாலில் விரலை விட்டுப் பார்ப்பார். ஒரு கடையில் வாங்கிய பருப்பை இன்னொரு கடைத் தராசில் வைத்துப் பார்ப்பார். வாத்தியார் அடித்தார் என்று நான் அழுதுகொண்டு வந்தால், தெருவில் இன்னும் இரண்டு பையன்களைக் கூப்பிட்டு விசாரித்துவிட்டுத்தான் நம்புவார்.

அந்த வீட்டில் வந்து நின்றுகொண்டு, தரைக்கு அடியில் உலோகம் கிடந்தால் சத்தம் போடுகிற மிசின் ஒன்று வாங்கப்போகிறேன் என்று என் மாமா சொன்னார்.

மாமா, அம்மாவின் தம்பி. மூன்று வருடம் துபாயில் கட்டட வேலை பார்த்துவிட்டுச் சித்திரை மாதம் விடுமுறையில் வந்திருந்தார். நான் அப்போது நாலாம் வகுப்பு முடித்திருந்தேன். அவர் வேலை பார்த்த இடத்தில் ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர் வெள்ளிக்கிழமைதோறும் கடற்கரையில் அப்படி ஒரு மிசினை ஆட்டிக்கொண்டே நடப்பாராம். தோண்டுவதற்கு மாமாவைக் கூட்டிக்கொண்டு போவார். மூன்று வருடத்தில் கிடைத்ததெல்லாம் சோடா மூடிகளும் துருப்பிடித்த சாவிகளும்தான்.

“கெடைக்கறது பெருசில்ல அத்தான். கிய்யினு ஒரு சத்தம் வரும். அப்ப உள்ள என்ன கெடக்குன்னு தெரியாது பாருங்க. அந்தச் செத்த நேரம் இருக்கே, அதுக்குத்தான்” என்றார் மாமா.

அப்பா சோற்றுக் கையோடு அவரை ஏற இறங்கப் பார்த்தார். “சும்மா நடக்கறதுக்கு ஒருத்தன் மிசின் வாங்குவானா மாப்ள? பொதையல் எடம் எங்கன்னு சொல்லு.”

எந்த இடமும் இல்லை என்று மாமா எவ்வளவு சொன்னாலும் அது அவருக்கு எதிராகத்தான் போயிற்று. பக்கத்து வீட்டிலிருந்த பெரியம்மா, அதாவது அப்பாவின் அண்ணன் மனைவி, அந்த இடம் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் திருவண்ணாமலை என்கிற மலைக்கோவில் அடிவாரத்தில்தான் இருக்கவேண்டும் என்று ஒரே நாளில் முடிவுக்கு வந்துவிட்டாள். அடுத்த நாள் மாமா முடிவெட்டிக்கொள்ளப் போனபோது, முடிவெட்டுகிறவரே பங்கு எவ்வளவு என்று கேட்டாராம்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அம்மாவின் கழுத்தில் அப்போது கிடந்தது கவரிங் சங்கிலி. மாமா துபாய்க்குப் போக ஏஜெண்டுக்குப் பணம் கட்ட வேண்டியிருந்தபோது, அப்பா ஒரு காசு தரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஏஜெண்டுகளை நம்பவே கூடாது என்பது அவர் கட்சி. அம்மா தன் பிறந்த வீட்டுச் சங்கிலியை யாருக்கும் தெரியாமல் விற்றுத் தம்பி கையில் கொடுத்துவிட்டு, அதே வேலைப்பாட்டில் ஒரு கவரிங் வாங்கிப் போட்டுக்கொண்டாள். மூன்று வருடம் அதைத்தான் மஞ்சள் தேய்த்துக் குளிப்பாட்டினாள். மாமா இந்த முறை தங்கமாகவே கொண்டுவந்து கொடுத்திருந்தார். அது ஆசாரி கையில் இருந்தது. பழைய மாதிரியே செய்து வைகாசிக் கடைசிக்குள் தருவதாக ஆசாரி சொல்லியிருந்தார். அதற்குள் அப்பாவுக்குத் தெரிந்தால் மாமா எங்கள் வாசலை மிதிக்க முடியாது. அம்மாவே மிதிக்க முடியுமா என்பதுதான் கேள்வி. இதெல்லாம் எனக்குக் கல்யாணமான பிறகு அம்மா சொன்னது. அன்று எனக்கு ஒன்றும் தெரியாது.

ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பாய் வெளிநாட்டுச் சாமான் கடை வைத்திருந்தார். கப்பலில் போய்வருகிறவர்கள் கொண்டுவந்து கொடுத்த இரண்டு மிசின்கள் அவரிடம் இருந்தன. மாமாவோடு அப்பாவும் புறப்பட்டார். ஆலையில் பஞ்சைத் தடவிப் பார்க்கிற காந்தத் துண்டு ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நானும் கூடப் போனேன்.

முதல் மிசின் சின்னது. ஒரு குச்சி, அடியில் தட்டு, ஒரு சுவிட்சு. ஆணியைக் காட்டினாலும் அழுதது, பித்தளைச் சாவியைக் காட்டினாலும் அதே குரலில் அழுதது. இரண்டாவது கொஞ்சம் கனம். கைப்பிடிக்குக் கீழே கண்ணாடி போட்ட பெட்டி, அதற்குள் கடிகாரத்தில் இருப்பதுபோல ஒரு முள். இரும்பென்றால் முள் இந்தப் பக்கம், பித்தளை என்றால் நடுவில், தங்கமென்றால் அந்தக் கோடிக்குப் போய் நிற்கும் என்றார் பாய். ஒரு திருகைத் திருகினால் இரும்புக்குக் கத்தவே கத்தாது. தட்டு தண்ணீரில் நனைந்தாலும் ஒன்றும் ஆகாது.

“கம்மாய்க்கும் ஆவும், வயக்காட்டுக்கும் ஆவும், கடக்கரைக்கும் ஆவும். புதுசாப் பழகுதவுகளுக்கு இதுதான் லேசு. வெட்டியா தோண்ட வேண்டாம் பாருங்க” என்று சொல்லித் தன் மோதிரத்தைக் கழற்றித் தட்டுக்குக் கீழே காட்டினார். முள் கோடிக்குப் போய் நின்றது.

அப்பா காந்தத்தை எடுத்து மோதிரத்தில் வைத்துப் பார்த்தார். “இது தங்கந்தான்னு எப்டி நம்புறது பாய்?”

“அண்ணாச்சி, என்னையவும் மிசினுக்கு அடியில படுக்கச் சொல்லுதீகளா?”

மாமாவின் கண் முள்ளை விட்டு நகரவில்லை. விலை முதலாவதைவிட நன்றாகவே கூடுதல்தான். மாமா அதற்கும் தயார்தான். ஆனாலும் வீட்டில் வைத்துப் பார்க்காமல் வாங்கக்கூடாது என்று அப்பா பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். அப்பா பாயை நம்பவில்லை, பாய் எங்களை நம்பவில்லை. கடைசியில் மாமா கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு இரண்டு மிசின்களையும் ஒரு நாளைக்கு வாங்கிக்கொண்டு வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் நான் அடுக்களைக்கு ஓடி முள்ளைப் பற்றி அம்மாவிடம் சொன்னேன். அம்மா வெளியே வந்து, “தங்கத்தத் தனியாக் காட்டுமாடா தம்பி?” என்று மாமாவைக் கேட்டாள். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்த மாமா, மிசின்களைக் கீழே வைத்துவிட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டார். பயணக் களைப்பு என்று நினைத்தேன்.

அப்பா முற்றத்தில் ஒரு சாக்கை விரித்து, அதற்கு அடியில் சாமான்களை ஒளித்து வைத்தார். ஆணி, பித்தளை டம்ளர், அலுமினிய மூடி, பஞ்சுப் பொதி கட்டுகிற தகடு. மாமா மிசினை ஆட்ட, முள் சொல்வதை நான் சத்தமாகச் சொல்ல, அப்பா சாக்கைத் தூக்கிச் சரிபார்த்தார். எல்லாம் சரியாகவே இருந்தது. சத்தம் கேட்டுப் பெரியம்மா வந்தாள். அவளுக்குத் தன் சங்கிலியின்மேல் எப்போதும் பெருமை. தட்டுக்கு முன்னால் கழுத்தைக் காட்டிக்கொண்டு நின்றாள். முள் கோடிக்குப் போயிற்று. பெரியம்மா தெருவுக்கே கேட்பதுபோலச் சிரித்தாள்.

“ஏட்டி, நீயும் வா. ஒனக்கும் பாத்துருவோம்.”

“ஒலை கொதிக்கிக்கா” என்றாள் அம்மா அடுக்களை வாசலில் நின்றபடி.

“ஒலை எங்க ஓடிப்போவுது? ஒரு நிமிசந்தான. இல்ல, மிசினுக்குக் காட்டக் கூடாத சாமானா?”

பெரியம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு அம்மாவின் கழுத்தையே பார்த்தாள். மாமா மிசினைச் சுவரில் சாய்த்துவிட்டு எதற்கோ குனிந்தார். எனக்கு அதுதான் சமயம். பொதுவாக நான் ஆட்கள் இருக்கும் இடத்தில் முன்னால் வருகிற பையன் இல்லை. ஆனால் முள் படிக்கிற வேலை எனக்குக் கொஞ்சம் தைரியம் கொடுத்திருந்தது. இரண்டு கையாலும் மிசினைத் தூக்கிக்கொண்டு அம்மாவிடம் போனேன். அம்மா கழுத்தைக் கையால் பொத்திக்கொண்டு ஒரு அடி பின்வாங்கினாள்.

“ஏலே, வைலே அத” என்று மாமா கத்தினார். அவர் என்னை அதட்டியது அது ஒரு முறைதான்.

அதற்குள் அப்பா என் கையிலிருந்து மிசினை வாங்கிவிட்டார். அவரே பிடித்துக் காட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் பெட்டியின் பின்மூடியைத் திறந்து பாட்டரிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார்.

“போதும். கரண்டு தீந்து போனா பாய் திருப்பி வாங்க மாட்டாரு” என்றார்.

“புது பாட்டரிதான கொழுந்தனாரே?” என்றாள் பெரியம்மா.

“அவரு சொன்னாரு புதுசுன்னு. யாரு கண்டா?” அப்பா மாமாவைப் பார்க்காமலே பேசினார். “மாப்ள, இந்த முள்ளு வச்சது வேண்டாம். குடுத்துரு. சின்னது போதும்.”

மாமா மெதுவாகச் சொன்னார். “அதுதான் நல்லதுன்னு நீங்களும் பாத்தீகளே அத்தான்.”

“மண்ணுக்குள்ள கெடக்கறது என்னன்னு தோண்டுனாத் தெரியாதா? ஒரு மம்பட்டி போதும்.”

அப்பாவின்மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கஞ்சத்தனம் என்று நினைத்தேன். நாலு சாமானையும் சரியாகச் சொன்ன மிசினை விட்டுவிட்டு, எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி அழுகிற மிசினை யாராவது வாங்குவார்களா? மாமாவாவது எதிர்த்துப் பேசுவார் என்று பார்த்தேன். அவர் தலையை ஆட்டிவிட்டு மறுநாளே சின்ன மிசினை வாங்கிக்கொண்டார். அந்த மாதிரி முள் தங்கத்தையும் பித்தளையையும் அவ்வளவு நிச்சயமாகப் பிரித்துச் சொல்லிவிடாது என்று விவரம் தெரிந்த ஒருவர் பின்னாளில் என்னிடம் சொன்னார். அன்று எங்கள் யாருக்கும் அது தெரியாது.

விடுமுறை முடியும்வரை மாமா வற்றிக் கிடந்த கண்மாயில் அந்தச் சின்ன மிசினோடு நடந்தார். பத்து அடிக்கு ஒரு தரம் அது அழுதது. மாட்டு லாடம், பூட்டு, சோடா மூடி, சைக்கிள் செயின். ஒவ்வொன்றையும் சட்டையில் துடைத்து வெயிலில் வைத்துப் பார்ப்பார். கரையில் எப்போதும் இரண்டு பேர் மாடு மேய்க்கிற சாக்கில் அவரைக் கவனித்துக்கொண்டு நின்றார்கள். சாயங்காலம் அப்பா எல்லாவற்றையும் வாங்கிப் பார்ப்பார். “இம்புட்டுத்தானா?” என்று கேட்டுவிட்டு மாமாவின் முகத்தையும் ஒரு தரம் பார்ப்பார்.

வைகாசி முடிவில், ஆசாரியிடமிருந்து சங்கிலி அம்மா கைக்கு வந்த பிறகு, மாமா துபாய்க்குத் திரும்பிப் போனார். ஆடிப்பூரத் தேரோட்டம் வந்தது.

தேர்க் கூட்டத்தில் அப்பாவின் சந்தேகம் உச்சத்துக்குப் போய்விடும். சுற்றி நிற்கிற எல்லாருமே அவருக்குப் பிக்பாக்கெட்தான். என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பெரியம்மாவிடம், “மதினி, சங்கிலிய மூடுங்க” என்றார். ஒவ்வொரு வருடமும் அவர் பெரியம்மாவுக்கு அதைச் சொல்வார். அம்மாவிடம் மட்டும் மூன்று வருடமாகச் சொன்னதில்லை. அந்த வருடம் அவர் அம்மா பக்கமும் திரும்பினார்.

“ஏட்டி, ஒனக்குந்தான். முந்தானைய இழுத்து மூடு.”

அம்மா உடனே மூடவில்லை. காது கேட்காதவள் மாதிரி நின்றாள். பிறகு முந்தானையை இழுத்துக் கழுத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். தேர் எங்களைக் கடந்துகொண்டிருந்தது. கூட்டம் முழுவதும் கையைத் தூக்கிக் கும்பிட்டது. அம்மா தேர்ப் பக்கம் திரும்பவே இல்லை, அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். இத்தனை பெரிய தேர் போகிறது, தினமும் பார்க்கிற அப்பாவை இப்போது எதற்குப் பார்க்கிறாள் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. அவள் கையைப் பிடித்து இழுத்துத் தேரைக் காட்டினேன்.