பிரேக்கக்காவும் நாலு வகைக் கொழுப்பும்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர்களின் காலடியில் தனியாக ஒரு பிரேக் இருக்கும். ஓட்டுகிறவர் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளும் நேரத்தில், பக்கத்தில் இருப்பவர் அதை மிதித்து இரண்டு குடும்பங்களைக் காப்பாற்றுவார். இருபத்திரண்டு வருடமாக அந்தப் பிரேக்கை மிதித்தே பெயர் வாங்கியவர் பிரேக்கக்கா. வயது ஐம்பத்து நான்கு. குரலுக்கு வயதே ஆகவில்லை. அவர் ஒரு அதட்டல் போட்டால் அடுத்த தெருவில் போகும் வண்டியும் ஓரம் கட்டும்.

ஆறு வருடமாக அவருக்குச் சர்க்கரை. வந்த புதிதில் நாலு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். ஐந்தாம் நாள் அதையும் பழக வந்த ஆளைப் போலவே நடத்த ஆரம்பித்துவிட்டார். மிரட்டினார், நேரத்துக்கு மாத்திரை போட்டார், சோற்றைப் பாதியாக்கினார். ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி ஆறு புள்ளி எட்டு என்று வந்தபோது, கேட்டவர்களுக்குச் சொன்னார், கேட்காதவர்களுக்கு இரண்டு முறை சொன்னார்.

இந்த மிதப்பில் இருந்தபோதுதான் கொழுப்புப் பரிசோதனை முடிவு வந்தது. லேபிலிருந்து வாங்கி வந்த தாளை, வாசல் அறையில் பழுது பார்க்கக் கைக்கடிகாரங்களைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்த கணவர் முன்னால் வீசினார்.

"படிங்க. டோட்டல் நூத்தி எண்பத்தி ரெண்டு. இருநூறு வரைக்கும் நார்மல். பாஸ்!"

கடிகாரக்காரர் கண்ணில் மாட்டியிருந்த லென்ஸைக் கழற்றாமலேயே தாளை மூக்குக்கு அருகில் கொண்டுபோனார். "கீழ இன்னும் மூணு வரி இருக்கே. ரெண்டுல நட்சத்திரம் போட்டிருக்கான்."

"நட்சத்திரம் நல்லதுக்குத்தான் போடுவாங்க."

"ஹெச்.டி.எல். முப்பத்தி நாலு. குறைவுன்னு எழுதியிருக்கு."

"கொழுப்பு குறைஞ்சா நல்லதுதானே? இதுக்கு ஒரு நட்சத்திரமா?"

"ட்ரைகிளிசரைடு இருநூத்தி நாப்பது. நூத்தி அம்பது இருக்கணுமாம்."

"அதுல கொலஸ்ட்ரால்னு பேரே இல்ல. அது வேற யாரோட கணக்கோ."

கடிகாரக்காரர் தாளை மடித்துக் கொடுத்தார். "உனக்குக் கொழுப்பு ஜாஸ்தின்னு கல்யாணமான நாள்லேர்ந்து சொல்லிட்டிருக்கேன். இப்பத்தான் லேப்லயும் கண்டுபிடிச்சிருக்காங்க."

அன்று மதியம் அவர் தன் தட்டைத் தானே கழுவ வேண்டி வந்தது.

வாரக் கடைசியில் அக்கா டாக்டரிடம் போனார். டாக்டர் சின்ன வயதுக்காரி. அவளுக்கும் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தது அக்காதான். வண்டியைப் பின்னால் எடுக்கும்போது, எல்லைக்கு வைத்திருக்கும் கூம்பை மூன்று தேர்வுகளில் மூன்று முறை இடித்துச் சாய்த்தவள். நாலாவது முறை லைசென்ஸ் வாங்கினாள். அந்த நன்றியும் கடுப்பும் சரிபாதியாகக் கலந்த சிரிப்போடு தாளை வாங்கிப் பார்த்தாள்.

"அக்கா, மாத்திரை ஒண்ணு சேர்க்கணும்."

"எதுக்கு? டோட்டல் நார்மல்."

"டோட்டல்னா கூட்டுத்தொகை. ரோட்டுல நூத்தி எண்பது வண்டி ஓடுதுன்னா சரியா போச்சா? அதுல எத்தனை பேர் குடிச்சிட்டு ஓட்டுறான்னு பார்க்க வேணாமா?" டாக்டர் பேனாவால் ஒவ்வொரு வரியாகத் தொட்டாள். "இந்த ஹெச்.டி.எல். நல்ல பிள்ளை. ரத்தக்குழாய்ல தேங்குற கொழுப்பை அள்ளிட்டுப் போறது. பொம்பளைங்களுக்கு அம்பதுக்கு மேல இருக்கணும், உங்களுக்கு முப்பத்தி நாலு. ட்ரைகிளிசரைடு ரத்தத்துல சுத்துற இன்னொரு கொழுப்பு, அது ஏறிக் கிடக்கு. இது ஏறி அது இறங்கினா, சர்க்கரைக்காரங்க ரிப்போர்ட்டுன்னு பேரைப் பார்க்காமலே சொல்லிடலாம். தினமும் என்ன குடிக்கிறீங்க?"

"தண்ணி. நடுவுல ஒரு ஆரஞ்சு ஜூஸ்."

"எவ்வளவு?"

அக்கா கையால் ஓர் அளவு காட்டினார். டாக்டர் அதைப் பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள். "அது டம்ளர் இல்லக்கா, வாளி."

"பழம்தானே?"

"பழத்தைத் தின்னுங்க. பிழிஞ்சு குடிச்சா சக்கரையைக் குடிக்கிற மாதிரிதான். அடுத்தது எல்.டி.எல். குழாய்ல போய் ஒட்டிக்கிறவன். நூறு."

"அது நூத்தி முப்பது வரைக்கும் சரின்னு தாள்லயே அச்சடிச்சிருக்கு. நட்சத்திரம்கூட இல்ல!"

"அது பொதுவா எல்லாருக்கும் போடறது. சர்க்கரை இருக்கிறவங்களுக்கு ரத்தக்குழாய் சீக்கிரம் கெடும். உங்க வயசு, பிரஷர் எல்லாம் பார்த்தா, எழுபதுக்குக் கீழ கொண்டுவரணும்."

"எனக்கு மட்டும் ஏன் லிமிட்டைக் குறைக்கிற?"

"பள்ளிக்கூடத்துக்கு முன்னாடி மட்டும் ஸ்பீடு லிமிட்டைக் குறைக்கிறதில்லையா? அது மாதிரிதான்."

அக்கா வாயைத் திறந்தார். தன் வாயில் வர வேண்டிய வாக்கியத்தை இன்னொருத்தி சொல்லிவிட்ட எரிச்சலில் மூடிக்கொண்டார்.

மாத்திரை வந்தது. மூன்று வாரம் ஒழுங்காகப் போட்டார். நாலாவது வாரம் வலது கால் கெண்டைச்சதை பிடித்துக்கொண்டது. இந்த மாத்திரையால் சதை வலிக்கும் என்று யாரோ எங்கோ எழுதியதைக் கைப்பேசியில் படித்தார். அவ்வளவுதான், தீர்ப்பு எழுதியாகிவிட்டது. மாத்திரை அட்டைகள் தையல் மிஷின் இழுப்பறைக்குள் போயின. டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஜூஸை மட்டும் நிறுத்தினார், அதுவும் வாளியைக் கேலி செய்ததற்காக ரோஷப்பட்டு.

மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தார்கள். இம்முறை கணவரும் கூட வந்தார். டாக்டர் தாளைப் பார்த்தாள். ட்ரைகிளிசரைடு நூற்றுத் தொண்ணூறுக்கு இறங்கியிருந்தது. எல்.டி.எல். தொண்ணூற்றாறு.

"மாத்திரை போடறீங்களா?"

"போடறேன்."

"போட்டா மூணுல ஒரு பங்காவது குறையணும். நாலு புள்ளிதான் குறைஞ்சிருக்கு." டாக்டர் கணவர் பக்கம் திரும்பினாள். "அங்கிள், போடறாங்களா?"

கடிகாரக்காரர் சுவர்க் கடிகாரம் இரண்டு நிமிடம் பின்தங்கி ஓடுவதை அளவுகடந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருடத் தாம்பத்தியம் சொல்லிக்கொடுத்த பார்வை அது. ஆனால் அதுவே பதிலாகிவிட்டது.

"கால் வலிக்குது. மனுஷி நடக்க வேணாமா?" என்று அக்கா வெடித்தார்.

"எந்தக் கால்?"

"வலது கால்."

"ரெண்டும் இல்லையா?"

"வலதுதான்."

"மாத்திரைக்கு வலது இடது தெரியாதுக்கா. அதால வலி வந்தா பெரும்பாலும் ரெண்டு பக்கமும் வரும். மாத்திரையை எப்ப நிறுத்தினீங்க?"

"ரெண்டு மாசமாச்சு."

"வலி நின்னுச்சா?"

அக்கா குனிந்து கெண்டைச்சதையைத் தடவிக்கொண்டார். வலி நிற்கவில்லை. கூடத்தான் செய்திருந்தது.

"சதைக்கு ஒரு டெஸ்ட் எடுத்துடலாம். அது இருக்கட்டும், இப்ப யாருக்குக் கத்துக்கொடுக்கறீங்க?"

நூலகத்தில் வேலை பார்க்கும் ஒரு அம்மாளுக்கு. அவர் எழுத்து என்று எதைக் கண்டாலும் படிக்காமல் விடமாட்டார். கடைப்பலகை, சுவரொட்டி, முன்னால் போகும் லாரியின் முதுகு எல்லாவற்றையும் சத்தமாகப் படித்துக்கொண்டே ஓட்டுவார். பல் ஆஸ்பத்திரியின் நேரத்தைப் படித்து முடிப்பதற்குள் சிவப்பு விளக்கைத் தாண்டியிருப்பார். ஒரு மணி நேர வகுப்பில் அக்கா நாற்பது தடவையாவது பிரேக்கை மிதித்தார். வலது காலால்.

அக்கா சொல்லி முடித்ததும் கணவர் முதலில் சிரித்துவிட்டார். டாக்டரும் சிரித்தாள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"கால் ஒரு சாக்குதான்," என்றார், மேசையைப் பார்த்தபடி. "எங்க அண்ணனுக்கும் சக்கரை. என்னைவிட நல்லா வச்சிருந்தான். அம்பத்திரெண்டு வயசுல நெஞ்சு வலின்னு சேர்த்தோம். இதே மாத்திரைதான் கொடுத்தாங்க. ஒரு மாசம்கூட இருக்கல. அந்த அட்டையைப் பார்த்தாலே எனக்கு அவன் ஷூ மாட்ட உட்கார்ந்து அப்படியே சாஞ்ச ஸ்டூல்தான் ஞாபகம் வருது."

 கடிகாரக்காரர் இப்போது சுவரைப் பார்க்கவில்லை. மனைவியின் கைப்பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"அக்கா," என்றாள் டாக்டர். "நான் கூம்பை இடிச்சப்புறம் பிரேக் போட்டப்ப என்ன சொன்னீங்க?"

"எருமைமாடுன்னு சொன்னேன்."

"அதுக்கப்புறம்?"

அக்கா முணுமுணுத்தார். "இடிச்சப்புறம் மிதிக்கிறதுக்குப் பேர் பிரேக் இல்லன்னேன்."

"அண்ணனுக்கு இடிச்சப்புறம் கொடுத்தாங்க. உங்களுக்கு முன்னாடியே கொடுக்கறேன். ஒத்துக்கலைன்னா அளவை மாத்தலாம், மாத்திரையையே மாத்தலாம். ஆனா என்கிட்ட சொல்லாம நிறுத்தாதீங்க."

சதைப் பரிசோதனையில் கோளாறு எதுவும் இல்லை. நூலக அம்மாளுக்கு இன்னொரு ஆசிரியர் அமைந்தார். இரண்டு வாரத்தில் அக்காவின் கெண்டைச்சதை சாதுவானது. மாத்திரை அட்டை இழுப்பறையிலிருந்து சாப்பாட்டு மேசைக்கு வந்தது. முதல் வாரம் அதைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துத்தான் எடுத்தார். பிறகு அந்தச் சிரமமும் வேண்டியிருக்கவில்லை.

அடுத்த மூன்று மாதத்தில் எல்.டி.எல். அறுபத்தைந்து, ட்ரைகிளிசரைடு நூற்று ஐம்பத்தெட்டு. மாலை நடையும் சேர்ந்திருந்தது. ஹெச்.டி.எல். மட்டும் முப்பத்தேழு.

"மூணு மாசம் நாய் மாதிரி நடந்ததுக்கு மூணே மூணு புள்ளியா? மறுபடி எண்ணிப் பார்க்கச் சொல்லு அவனை!" என்று லேபைத் திட்டினார். அது மெதுவாகத்தான் ஏறும், அதற்காகத் தனியாக ஒரு மருந்தும் தேவையில்லை, நடையை விடாமலிருந்தால் போதும் என்று டாக்டர் விளக்கினாள். அக்கா ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. ஆனால் நடக்கிறார்.

தான் மட்டும் ஊசிக்குக் கையை நீட்டுவது நியாயமில்லை என்று கணவரையும் லேபுக்கு இழுத்துப்போனார். நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை பார்க்கிற மனுஷன், நாலு மணிக்கு வெண்ணெய் பிஸ்கெட் இல்லாமல் ஸ்க்ரூ திருகமாட்டார். மாட்டிக்கொள்வார் என்று அக்கா உறுதியாக இருந்தார். நாலு வரியும் அச்சில் வார்த்ததுபோல் வந்தன. ஒரு நட்சத்திரம்கூட இல்லை.

அக்கா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.