பனியைத் திருப்பிப் போட்ட காலை

இர்மா ஹவுட்டலா யாரைப் பார்த்தாலும் முதலில் காலைத்தான் பார்ப்பாள். முகத்துக்கு அப்புறம்தான் வருவாள். கடையில், கல்யாணத்தில், ஏன், சவ அடக்கத்தில்கூட அப்படித்தான். எதிரே வருகிறவர் ஒரு காலைக் கொஞ்சம் இழுத்து வைத்தால் போதும், "முட்டியா, இடுப்பா?" என்று கேட்டுவிடுவாள். நலம் விசாரிப்பதெல்லாம் அதற்குப் பிறகு.

ஏரிக்கரையில் இருக்கும் ஹெம்லாக் பே ஊரில் பாதி ஆயுளுக்குப் பள்ளிப் பேருந்து ஓட்டியவள் அவள். பிள்ளைகள் படியேறும் விதத்தை வைத்தே யார் வீட்டுப்பாடம் எழுதவில்லை, யாருக்குப் பூட்ஸ் சின்னதாகிவிட்டது என்று சொல்லிவிடுவாள். அப்போது தொற்றிக்கொண்ட பழக்கம்.

அவள் கணவர் டோய்வோ நடக்க முடியாமல் போனபோது வாங்கிய வீல்சேர், அவர் போன பிறகு கூடத்தில் சும்மா நின்றது. அந்தக் குளிர்காலத்தில் பக்கத்து வீட்டுக்காரர் கூரையில் ஏறிப் பனியைத் தள்ளினார். பனியோடு தானும் இறங்கினார். வீல்சேரை அவருக்குக் கொடுத்தாள். அவர் அதைத் திருப்பித் தரும்போது மாமியாரின் வாக்கரையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு வந்தார். செய்தி பரவியது. கக்கத்துக் கட்டைகளும் குளியல் நாற்காலிகளும் கட்டில் கம்பிகளும் வந்து சேர்ந்தன. கூடத்தில் உட்கார இடம் தாராளமாக இருந்தது. ஆனால் எதில் உட்கார்ந்தாலும் உருண்டது.

கடைசியில் லூத்தரன் சர்ச்சுக்காரர்கள் தங்கள் அடித்தள அறையைக் கொடுத்தார்கள். பக்கவாட்டில் சரிவுப் பாதையும் தனிக் கதவும் உள்ள அறை. அதற்கு 'இரவல் அறை' என்று பெயர் வைத்து, முறைப்படி தொண்டு நிறுவனமாகப் பதிவும் செய்தார்கள். நிர்வாகக் குழுவில் மூன்று பேர்: இர்மா, அவளுடைய சிநேகிதி டெல்ஃபின், பாஸ்டர் ஸ்டென்ரூஸ். வேலை செய்வது இர்மாவும் டெல்ஃபினும். ஜெபம் செய்வது பாஸ்டர்.

ஊர் முழுக்க நடக்கிற கால்களையெல்லாம் கவனித்தவள் தன் காலை மட்டும் யாரும் கவனிக்காமல் பார்த்துக்கொண்டாள். இடுப்பு மூட்டு தேய்ந்து போயிருந்தது. அறுவைக்கு இரண்டு முறை நாள் குறித்து, இரண்டு முறையும் அவளே தள்ளிப்போட்டாள். பனிக்காலத்தில்தான் ஊரில் கணுக்கால்கள் பிசகும். அந்த நேரத்தில் அறையைப் பூட்டினால் ஜனங்கள் எங்கே போவார்கள்? டெல்ஃபினுக்கோ ஒரு தோள் தூக்க வராது. மூன்றாவது தடவை பிப்ரவரியில் நாள் குறித்திருந்தது. "இதையும் தள்ளினால் வரிசையில் கடைசிக்குப் போய்விடுவீர்கள்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். இர்மா இதை யாரிடமும் சொல்லவில்லை.

வழி காட்டியது டெல்ஃபினின் அக்கா மகள். ஊர்க் கல்லூரியின் சமையற்கூடத்தில் வேலை செய்கிறவள்.

"அங்க பசங்க படிச்சுக்கிட்டே வேலையும் பாக்குதாம். சம்பளத்துல பெரும்பங்கு கவர்மென்ட்டே குடுக்குதாம்" என்றாள் டெல்ஃபின்.

"நமக்கு எதுக்குடி குடுக்கப் போறாங்க?"

"தொண்டு நிறுவனத்துக்கும் உண்டாம். நாம தொண்டுதானே பண்றோம்? இல்ல, உன்கூட மாரடிக்கறதுக்கு வேற பேரு வச்சிருக்கியா?"

மறுநாளே இர்மா கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்துக்குப் போனாள். அங்கே மாணவர்களின் வெளிவேலைகளைக் கவனிப்பவர் கார்வின் பெல். மென்மையான மனிதர், கழுத்தில் எப்போதும் கம்பளி மஃப்ளர்.

"முதல்ல காலேஜும் நீங்களும் ஒப்பந்தம் போடணும்" என்றார். "என்ன வேலை, எத்தனை மணி நேரம், யார் மேற்பார்வை, எல்லாம் அதுல இருக்கணும். சம்பளத்துல சின்னப் பங்கு உங்களோடது, மிச்சம் எங்க வழியா வரும். ஆனா எல்லாப் பசங்களையும் எடுக்க முடியாது. உதவித்தொகையில வேலைக்குன்னு பங்கு ஒதுக்கி இருக்கற பசங்க மட்டும்தான். அந்தப் பங்கு தீர்ந்தா வேலையும் தீர்ந்துது."

"சரி."

"அரசியல் வேலை கூடாது. சம்பளத்துக்கு இருக்கற ஆளை நிறுத்திட்டு அந்த இடத்துல பசங்களை வைக்கக் கூடாது."

"இருக்கற ஆளே நாங்க ரெண்டு கிழவிதான். எங்களுக்குச் சம்பளம் குடுத்தா எங்களையே நிறுத்திக்குவோம்."

கார்வின் சிரிக்காமல் தொடர்ந்தார். "முக்கியமா இது. சாமி கும்பிடற கட்டடத்தைக் கட்டறது, கூட்டறது, பராமரிக்கறது, எதுலயும் அவங்க கை படக் கூடாது. நீங்க இருக்கறது சர்ச்சுல. அதனால குளிர்காலத்துல நானே ஒருநாள் வந்து பார்ப்பேன்."

இர்மா தலையை ஆட்டினாள். வீட்டுக்குப் போவதற்குள் பாதி மறந்துவிட்டது.

மாணவர்களை வேலைக்கு எடுக்கிறவர்கள் கூடும் கல்லூரி வேலைச் சந்தையில் மற்ற மேசைகளில் மிட்டாயும் பேனாவும் வைத்திருந்தார்கள். இர்மா இரண்டு வீல்சேர்களைக் கொண்டுபோய் நிறுத்தினாள். கொஞ்ச நேரத்தில் தாழ்வாரம் பந்தயச் சாலையாகிவிட்டது. நூலகத்து மேசைக்காரர் தன் பேனாக்களோடு சுவரோரம் ஒதுங்கினார். உற்சாகத்தில் இர்மா வந்தவர்களுக்கெல்லாம் "உனக்கு வேலை உண்டு, உனக்கும் உண்டு" என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். பிறகு கார்வின் வந்து விசாரித்தால், ஒருத்தியைத் தவிர வேறு யாருக்கும் வேலைக்கான பங்கே கிடையாது. ஒருவன் அந்தக் கல்லூரியிலேயே படிக்கவில்லை; தண்ணீர்க் குழாய் பழுது பார்க்க வந்தவன்.

மிஞ்சியவள் ஜெனேயா. டெட்ராய்ட்டிலிருந்து வந்து படிக்கிற பெண். பந்தயத்தில் அவள்தான் தோற்றாள். ஆனால் இறங்கும்போது பிரேக் போட்டுவிட்டு இறங்கியவளும் அவள் ஒருத்திதான்.

"வேலைக்கு வர்றியா கண்ணு?"

"என்ன வேலை, மிஸ் இர்மா?"

"நாற்காலி கொடுக்கணும், வாங்கணும், துடைக்கணும். போன் எடுக்கணும். டெல்ஃபின் பாடுனா பொறுத்துக்கணும்."

"நல்லாப் பாடுவாங்களா?"

"அதான் பொறுத்துக்கணும்னு சொல்றேனே."

ஜெனேயா வந்த பிறகு அறையின் முகமே மாறியது. ஒவ்வொரு வீல்சேருக்கும் ஒரு பெயர் வைத்து நாடா கட்டினாள். மெதுவாகப் போவது 'கவர்னர்'. ஒரு பக்கம் இழுப்பது 'என் மாமா'. போன் வந்தால் குரலைத் தாழ்த்தி, பெரிய ஹோட்டலில் பேசுவதுபோல், "ஐயாவுக்கு ரெண்டு காலா, நாலு காலா?" என்பாள். ஊரார் வேண்டுமென்றே போன் செய்து கேட்டார்கள். இர்மா கொண்டுவரும், மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட பேஸ்டியை முதல் நாள் சந்தேகமாகப் பார்த்தவள், அடுத்த வாரத்திலிருந்து இர்மாவின் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டாள்.

அந்த ஊரில் பனிக்கு ஒரு மரியாதை உண்டு. இரவு பனி கொட்டினால், காலையில் யார் கையில் பனி அள்ளும் சவல் இருக்கிறதோ அவர்கள் தங்கள் வாசலோடு நிறுத்தமாட்டார்கள். பக்கத்து வாசல், எதிர் வாசல், முடியாதவர்கள் வாசல் என்று அள்ளிக்கொண்டே போவார்கள். யாரும் கேட்பதில்லை, யாரும் நன்றி சொல்வதுமில்லை. ஜெனேயா முதலில் இதைப் பார்த்து, "இங்க எல்லாருக்கும் வேற வேலையே இல்லையா?" என்றாள். பிறகு அவளும் ஒரு சவல் வாங்கினாள்.

கார்வின் வருவதாகச் சொன்ன நாள் ஜனவரியில் வந்தது. முந்தைய இரவு ஏரிப்பக்கமிருந்து பனி கொட்டித் தீர்த்திருந்தது. இர்மாவும் டெல்ஃபினும் காரை நிறுத்திவிட்டு இறங்கினார்கள். சர்ச்சின் முன்படிக்கட்டு மேலிருந்து கீழ்வரை துடைத்து எடுத்ததுபோல் சுத்தமாக இருந்தது. மேல்படியில் ஜெனேயா சவலை ஊன்றிக்கொண்டு, கொடி நட்டவள் மாதிரி நின்றாள்.

"எப்படி இருக்கு? உள்ளே போய், வழுக்காம இருக்க உப்பு எடுத்துட்டு வந்து தூவிடறேன்!" என்று கத்திவிட்டு மறைந்தாள்.

டெல்ஃபின் இர்மாவின் கையைப் பிடித்தாள். "சர்ச் கட்டடத்துல கை படக் கூடாதுன்னு ஒப்பந்தத்துல எழுதி இருந்துதேடி."

இர்மாவுக்கு மறந்துபோன பாதி முழுசாக ஞாபகம் வந்தது. ஒப்பந்தம் போய்விடும். பெண் போய்விடுவாள். பிப்ரவரி போய்விடும்.

"இப்ப என்னடி பண்றது?"

"எடுத்ததைத் திருப்பிப் போட்டுடுவோம்" என்றாள் டெல்ஃபின், உப்புக் குறைந்த குழம்புக்கு வழி சொல்வதுபோல.

காரின் பின்பக்கத்தில் சவல் இல்லாத ஆள் அந்த ஊரில் கிடையாது. இருவரும், டெல்ஃபின் நல்ல தோளாலேயே, பனியை அள்ளிப் படியில் வீச ஆரம்பித்தார்கள். சத்தம் கேட்டு பாஸ்டர் பக்கத்திலிருந்த தன் வீட்டிலிருந்து வெளியே வந்தார்.

"இர்மா, என்ன காரியம் இது?"

"அப்புறம் சொல்றேன் பாஸ்டர், அந்தப் பக்கம் அள்ளுங்க!"

பாஸ்டர் ஒரு கணம் வானத்தைப் பார்த்தார். அங்கிருந்து பதில் வராததால் சவலை எடுத்தார். தபால்காரர் வண்டியை நிறுத்தினார். "சறுக்கு மரம் கட்டறீங்களா?" என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திராமல் தானும் அள்ளினார். எதிர்வீட்டு ரூடி நீமி பனி ஊதும் இயந்திரத்தையே உருட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஊரிலேயே பெரிய இயந்திரம். காட்டுவதற்கு ஒரு சாக்குத் தேடிக்கொண்டிருந்தவர். அது உறுமியதும் பனி வானவில்போல் வளைந்து பறந்தது. படிக்கட்டு காணாமல் போனது. பள்ளிக்குப் போகிற பிள்ளைகள் பைகளைப் போட்டுவிட்டு அதன்மேல் ஏறிச் சறுக்கினார்கள். டெல்ஃபின் உச்சக்குரலில் பாடினாள். இர்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. தூக்கிய பனியில் பாதி அவள் தலையிலேயே விழுந்தது.

"நான் தப்பான நேரத்துல வந்துட்டேனா?" என்றது ஒரு குரல்.

மஃப்ளருக்கு மேலே கார்வினின் கண்கள் மட்டும் தெரிந்தன. எல்லோரும் நின்றார்கள். இயந்திரமும் நின்றது. அதே சமயம், எங்கேயோ தேடிப் பிடித்த உப்பு வாளியோடு ஜெனேயா உள்ளிருந்து கதவைத் திறந்தாள். திறந்த கதவுக்கு வெளியே இடுப்பளவுக்குப் பனி.

"யார்ரா இது பண்ணது?" என்று அலறினாள்.

இர்மாவுக்குப் பொய் வராது. "மிஸ்டர் பெல், தெரியாம நடந்துபோச்சு. பொண்ணு நல்ல மனசுல சர்ச் படியைச் சுத்தம் பண்ணிட்டா. கூடாதுன்னு நீங்க என்கிட்ட சொன்னீங்க, நான் அவகிட்ட சொல்லல. அதான் நாங்க திருப்பி... அழுக்காக்கிட்டு இருக்கோம். தப்பு என்னோடது. அவளை வேலையை விட்டு எடுத்துடாதீங்க."

கார்வின் ஜெனேயாவைப் பார்த்தார். "இந்த நேரத்தை வேலைக் கணக்குல போட்டியா?"

"பனிக்கா?" ஜெனேயாவுக்கு உண்மையாகவே கோபம் வந்தது. "எனக்குக் குடுத்திருக்கறதே கொஞ்சூண்டு பங்கு. அதை மே மாசம் வரைக்கும் இழுத்துப் பிடிச்சு ஓட்டிக்கிட்டு இருக்கேன். போயும் போயும் பனியில கரைப்பேனா? கீழ அறைக்கதவைத் திறக்கும்போதுதான் நேரம் பதிவேன். இன்னும் திறக்கவே இல்ல. இது சும்மா அள்ளினது. இங்க எல்லாரும் அள்றாங்கல்ல!"

"அப்போ பிரச்சினையே இல்ல" என்றார் கார்வின். "சொந்த நேரத்துல யார் எந்தப் படியை அள்ளினாலும் அரசாங்கத்துக்குக் கவலை இல்ல."

டெல்ஃபின் மெதுவாகத் தன் சவலைக் கீழே வைத்தாள்.

"சரி, அறையைப் பார்க்கலாமா?" என்றார் கார்வின்.

பார்க்க முடியவில்லை. ரூடியின் இயந்திரம் ஊதியதில் பாதி பக்கவாட்டுச் சரிவுப் பாதையில்தான் போய் விழுந்திருந்தது. இரவல் அறையின் கதவில் மேல் விளிம்பு மட்டும் தெரிந்தது. அதன் எதிரே, கட்டுப்போட்ட காலோடு ஒருவர் காரில் உட்கார்ந்து பொறுமையாக ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.

"அறைக்குப் போற பாதையை அள்ளலாமா, சார்?" என்று ஜெனேயா கேட்டாள்.

"அது இரவல் அறையோட வேலைதான். தாராளமா. நேரத்தையும் பதிஞ்சுக்கோ." கார்வின் மஃப்ளரை இறுக்கிக்கொண்டார். "எனக்கு ஒரு சவல் இருக்குமா?"

நாலாபக்கமிருந்தும் சவல்கள் நீண்டன. இர்மாவும் அள்ளலாம் என்று ஒரு அடி எடுத்து வைத்தாள். வைத்த கால் வைத்தபடியே நின்றுவிட்டது. இடுப்பு பூட்டிக்கொண்டது. முகத்தில் சிரிப்பு அப்படியே இருக்க, கண்ணில் நீர் வந்துவிட்டது.

ஜெனேயா பனியில் சறுக்கியே இறங்கி வந்து அவள் தோளைத் தாங்கினாள். பாதை திறந்ததும் முதலில் வெளியே வந்தது 'என் மாமா'. அதில் இர்மாவை உட்காரவைத்தார்கள். அது ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே போனது.

"வந்த முதல் வாரத்துலயே பார்த்துட்டேன், மிஸ் இர்மா" என்றாள் ஜெனேயா. "முட்டியா, இடுப்பான்னு கேக்கலாம்னு இருந்தேன். அடிப்பீங்களோன்னு பயம்."

"இடுப்பு" என்றாள் இர்மா. பிப்ரவரி விஷயமும் வெளியே வந்துவிட்டது.

டெல்ஃபின் இடுப்பில் கை வைத்தாள். "இத்தனை வருஷம் என்கிட்ட மறைச்சியாடி? உனக்கு இரவல் கிடையாது போ!"

"இவங்க இல்லாதப்ப மேற்பார்வைக்கு ஒருத்தர் வேணுமே" என்றார் கார்வின்.

"நான் இருக்கேன். தோள்தான் தூக்க வராது. திட்ட வரும்."

"அது போதும். வேலைக்கான பங்கு இருக்கற இன்னொரு பையன் இடம் தேடிக்கிட்டு இருக்கான், அனுப்பறேன். வீல்சேர் பந்தயம் மட்டும் வேண்டாம்." போகும்போது அவர் ரூடியிடம் அந்த இயந்திரம் என்ன விலை என்று விசாரித்தார். ரூடி மதியம் வரை சொன்னார்.

இர்மாவுக்கு அறுவை பிப்ரவரியிலேயே நடந்தது. மேற்பார்வைக்கு டெல்ஃபின் தினமும் வந்து எல்லோரையும் திட்டினாள். அந்தக் குளிர்காலத்தில் இரவல் அறை ஒருநாள்கூடப் பூட்டிக் கிடக்கவில்லை. ஜெனேயா இப்போது கடைசி வருஷம் படிக்கிறாள், இன்னும் அங்கேதான் வேலை செய்கிறாள். கல்லூரி ஒவ்வொரு கோடையிலும் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிறது. வாரத்தில் ஐந்து நாளும் அறை திறந்திருக்கிறது. இர்மா ஒரு கைத்தடியோடு நடக்கிறாள். அது அறையின் தடி, திருப்பித் தரவேண்டிய நாள் எப்போதோ போய்விட்டது.