ஒரு தாழ்ப்பாளுக்காக அலைந்த அருள் அண்ணன்

அருள் அண்ணன் போய்விட்டார். காலையில் அண்ணிதான் போன் செய்து சொன்னார்கள். நெஞ்சு வலி... ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே...

நேற்று சாயந்திரம் என் காது கிழியக் கத்திய மனுஷன். இன்னும் நம்ப முடியவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அருள் அண்ணன் ஓசூர்ப் பக்கம் ஒரு டைல்ஸ் கம்பெனியில் இன்ஜினியர். நான் விருத்தாசலத்தில் செராமிக் டிப்ளமோ படித்தபோது அந்தக் கம்பெனிதான் எனக்கு ஸ்காலர்ஷிப் கொடுத்தது.

எங்கள் மங்கலம்பேட்டை வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். பீஸ் கட்டுவதோடு ஒரு மென்ட்டரும் தருவோம், வாரம் ஒருமுறை போனில் பேசி வழிகாட்டுவார் என்றார்கள். வந்து வாய்த்தவர் இவர்.

அழுதுகொண்டேதான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அவரை நினைத்தாலே சிரிப்பு முந்திக்கொண்டு வருகிறது, என்ன செய்ய...

முதல் போன். அவர் "ஹலோ ரஜியா" என்று சொல்லி முடிக்கவில்லை, அடுப்படியிலிருந்து அம்மா குரல். "யாருடி அது, ஆம்பள கொரலு?"

எனக்கு உயிரே போய்விட்டது. அந்தப் பக்கம் அவருக்கும் கேட்டுவிட்டது. வேறு ஆளாக இருந்தால் போனை வைத்திருப்பார். இவர் சிரித்தார். "அக்கா கேக்கறது கரெக்டுதானே? ஸ்பீக்கர்ல போடும்மா. அவங்களும் கேக்கட்டும்."

அன்றிலிருந்து எங்கள் மென்ட்டரிங் முழுக்க ஸ்பீக்கரில்தான். குவைத்தில் டிரைவராக இருக்கும் அப்பாவுக்கு, எங்கள் பேச்சில் அத்தாவுக்கு, வெள்ளிக்கிழமை லீவு என்று தெரிந்ததும் போனையும் வெள்ளிக்கு மாற்றிவிட்டார். ஜும்மா முடித்து அத்தாவும் கான்பரன்ஸில் வந்துவிடுவார். ஒரு ஸ்காலர்ஷிப்பில் மூன்று பேர் படித்தோம்!

ஒருமுறை லேபில் நான் செய்த ஜாடி சூளைக்குள் வெடித்துவிட்டது. அழுதுகொண்டே அவரிடம் சொல்கிறேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா குறுக்கே புகுந்தார். "போன வாரமே தம்பி சொல்லிச்சு இல்ல, ஈரம் காயாம உள்ள வைக்காதன்னு?"

அருள் அண்ணன் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டில் எட்டிப் பார்த்தார்கள். "அடி தூள்! அக்கா, நீங்க பேசாம எங்க கம்பெனிக்கு வந்துடுங்க!" என் ஜாடியைப் பற்றி இரண்டு பேருக்கும் கவலையே இல்லை.

படிப்பு முடியும்போது ஓசூர் பிளான்ட்டில் ஆறு மாதம் ட்ரெயினிங். போனால் வேலை. போகாவிட்டால் டிப்ளமோவைச் சுவரில் மாட்டிவிட்டு, மாப்பிள்ளை வரக் காத்திருக்க வேண்டியதுதான்.

மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், ஒரே பிடியாக நின்றார். "பொம்பளப் புள்ளைய அம்மாந்தூரம் அனுப்பிட்டு வூட்ல நிம்மதியா தூங்க முடியுமா?" அத்தாவும் குவைத்திலிருந்து "மச்சான் சொல்றதும் சரிதானே..." என்று இழுத்தார். எனக்கு வந்த கோபத்துக்கு இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை அம்மா போனைக் கையில் எடுத்துக்கொண்டார். "ஏன் தம்பி, ஆஸ்டல்ல எத்தினி புள்ளைங்க இருக்குதுங்க? தண்ணி வருதா? பாத்ரூம் உள்ளயா வெளியவா? தாப்பா ஒழுங்கா விழுதா?"

மனுஷன் திணறிவிட்டார். அத்தனை வருஷம் அங்கே வேலை பார்த்தும் லேடீஸ் ஹாஸ்டல் பக்கம் போனதே இல்லை. "தெரியலையேக்கா... பாத்துட்டுச் சொல்றேன்."

சொல்லவில்லை, காட்டியே விட்டார்! ஞாயிற்றுக்கிழமை வீடியோ கால். அவரை உள்ளே விடமாட்டார்கள் என்பதால் அண்ணியைக் கூட்டிவந்து உள்ளே அனுப்பிவிட்டு, இவர் கேட்டுக்கு வெளியே நின்றார். அண்ணி கிச்சன், தண்ணித் தொட்டி எல்லாம் காட்டிக்கொண்டே போய் பாத்ரூமுக்கு வந்தார்கள்.

"அந்தக் கதவ கொஞ்சம் சாத்திக் காட்டும்மா" என்றார் அம்மா. தாழ்ப்பாள் விழவில்லை. "பாத்தியா!" என்று மாமா தொடையைத் தட்டினார்.

அருள் அண்ணன் கடைக்கு ஓடிப்போய்ப் புதுத் தாழ்ப்பாளும் ஸ்க்ரூ டிரைவரும் வாங்கிவந்து உள்ளே கொடுத்தனுப்பினார். அண்ணி மாட்டுகிறார்கள். இவர் கேட்டில் நின்று "வலது பக்கம் திருப்பு!" என்று கத்துகிறார். அம்மா மங்கலம்பேட்டையிலிருந்து "இன்னும் கொஞ்சம் மேலம்மா!" என்று கத்துகிறார். கடைசியில் விழுந்தது தாழ்ப்பாள்.

அம்மா மாமா பக்கம் திரும்பினார். "இந்தத் தம்பி இருக்கற ஊருக்கு அனுப்பாம எம் பொண்ண வேற எங்கண்ணே அனுப்புவேன்? அவங்க அத்தாகிட்ட நான் பேசிக்கிறேன்."

"நான் லைன்லதான் இருக்கேன்" என்றார் அத்தா, வண்டியை ஓரங்கட்டிவிட்டு.

"அப்ப கேட்டுக்கிட்டீங்க இல்ல, சரி."

போனேன். இன்று அதே பிளான்ட்டில் குவாலிட்டி செக்‌ஷனில் இருக்கிறேன்.

லீவுக்கு ஊருக்கு வந்த இடத்தில், நேற்று இன்னொரு சந்தோஷம். இந்த வருஷ ஸ்காலர்ஷிப்பில் என்னையே மென்ட்டராகப் போட்டிருக்கிறார்கள்! பெண்ணாடத்துப் பொண்ணு, அப்பா கரும்பு வெட்டப் போகிறவர். அதைக் கேட்டுத்தான் அருள் அண்ணன் அந்தக் கத்துக் கத்தினார்.

"அவகிட்ட என்னண்ணா பேசுறது?" என்று கேட்டேன்.

"அவகிட்ட அப்புறம் பேசலாம். மொதல்ல அவங்க அம்மா நம்பர வாங்கு!"

அதுதான் கடைசிப் பேச்சு.

காலையில் விஷயத்தைச் சொன்னதும் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்து அழுதார். பிறகு எழுந்து முகம் கழுவிக்கொண்டு ஒரு பையில் புடவை எடுத்து வைத்தார்.

"நீ எதுக்கு அம்மாந்தூரம்? ரஜியா போனா போதாதா?" என்றார் மாமா.

"தாப்பா மாட்டுன அந்தப் பொண்ணு தனியா இருக்கும்ண்ணே." அவ்வளவுதான் சொன்னார்.

விருத்தாசலம் ஜங்ஷனில் சேலம் ரயிலுக்குக் காத்திருக்கிறோம். அத்தனை வருஷம் போனில் பேசியும் அம்மா அவரை ஒருநாளும் நேரில் பார்த்ததில்லை.

அண்ணா... அம்மா கிளம்பிட்டாங்க.