ஒரு சத்தத்துக்கு ஒரு தள்ளு

நாலாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. ஆனால் கன்னடச் சீமையில், ஸ்ரீராம்புரத்தில் மாடி வீடு கட்டினேன். மெஷின் இடம் மாற்றும் வேலைக்குப் பதினோரு பேர் கொண்ட கேங் சேர்த்தேன். கிரேன் நுழையாத ஷெட்டுக்குள் எட்டு டன் பிரஸ்ஸைக் கடப்பாரையும் உருளைப் பைப்பும் வைத்தே கொண்டுபோய் நிறுத்தினேன். எவனும் எனக்குக் கைகொடுக்கவில்லை.

அப்படிப்பட்ட எனக்குத் தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு தாள் குறுக்கே நின்றது. ஹெப்பகோடிப் பக்கம் ஒரு வெளிநாட்டுக் கம்பெனியில் வேலை கிடைத்தது. முதல் நாள் காண்டிராக்டர், அதாவது நான், பாதுகாப்பு உறுதிமொழியை இங்கிலீஷில் சத்தமாக வாசிக்க வேண்டும். வாசிக்காவிட்டால் கேங்குக்கே கேட் பாஸ் கிடையாது. சேஃப்டி ஆபீசர் சனிக்கிழமை தாளைக் கொடுத்து, திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டார். பதினோரு வீட்டு அடுப்பு என் நாக்கில்.

பத்தாவது படித்த மகள் எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தாள். நான் எழுத்துக்கு ஒரு மூச்சு விட்டேன். "இஸ்... இட்டு... ரெ... இங்... து."

"ஏம்பா, ரயில் கிளம்புதா? அது ஸ்ட்ரெங்த்."

"அஞ்சு எழுத்து எழுதி வச்சிருக்கியே, அஞ்சையும் சொல்ல வேணாமா?"

"ஒண்ணாச் சொல்லணும்பா."

"எப்படி?"

"எப்படின்னா... அப்படித்தான்!"

அவளுக்குச் சொல்ல வரும், விளக்க வராது. ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆளுங்க முகத்தில் எப்படி விழிப்பேன்?

சாயங்காலம்தான் பொறி தட்டியது. எங்கள் வேலையில் கடப்பாரையைச் செருகுவோம், கட்டை வைப்போம், காலை ஊன்றுவோம். அதற்கெல்லாம் சத்தம் கிடையாது. "ஹைசா" என்றதும் ஒரே தள்ளு. இங்கிலீஷும் அப்படித்தானோ? தாடைக்குக் கீழே கையை வைத்தேன். ஸ்ட்ரெங்த். தாடை ஒரே தரம் இறங்கியது! மற்ற எழுத்தெல்லாம் செருகுகிற வேலை. எ, க்விப், மென்ட்: மூன்று தள்ளு. ரெஸ், பான், சி, பி, லி, டி: ஆறு. ராத்திரிக்குள் தாள் முழுக்கச் சிவப்புப் பென்சிலால் தள்ளுக்கு ஒரு கோடு போட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை ஆபீசர் முன்னால் போய் நின்றேன். கேங் மொத்தமும் கேட்டுக்கு வெளியே என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றது. தாடையில் கை வைத்து வாசித்தேன்.

"ஹல்லு நோவா, யஜமான்ரே?" பல் வலியா என்று ஆபீசர் கன்னடத்தில் கேட்டார்.

"இல்ல சார், தள்ளு எண்ணுறேன்."

நடுவில் ஒரு தள்ளு தவறியது. விடவில்லை, முடித்தேன். பதினோரு பேரும் உள்ளே போனார்கள்.

ஆபீசர் அந்தத் தாளை வாங்கி நகல் எடுத்துக்கொண்டார். அடுத்த மாதம் அதே கோடுகளோடு டைப் அடித்துக் கேட்டில் மாட்டியிருந்தார்கள். மற்ற காண்டிராக்டர்கள் தாடையில் கை வைத்து அதைத்தான் வாசித்தார்கள். கீழே 'தயாரிப்பு: பாதுகாப்புப் பிரிவு' என்று இருந்தது. வீட்டிலோ, மகள் சொல்லிக்கொடுத்தாள் என்று பேச்சு. எழுதியது அவள், ஒத்துக்கொள்கிறேன். அந்தக் கோடு ஒவ்வொன்றும் நான் போட்டது. அந்தத் தாள் இன்னும் எங்கேயாவது தொங்கினால், கீழே என் பேரையும் எழுதுங்கள்.